பழைய தங்க மணிக்கூடு: கோளாறைக் கண்டு காரணத்தைப் பிடிப்பது

அலுமாரியில் கிடந்த அப்பப்பாவின் மணிக்கூடாக இருக்கலாம், அடகு மீளாமல் விற்பனைக்கு வந்ததாகவும் இருக்கலாம். கைக்கு வந்ததும் மூன்று வேலைகளைச் செய்யாதீர்கள். சாவி கொடுக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், மினுக்கக் கொடுக்காதீர்கள். இருபது வருடம் காய்ந்த எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடித்திருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கரங்களின் ஊசிமுனை தேயும். மேலே விடும் தையல் மெசின் எண்ணெய், உள்ளே ஆடும் சக்கரத்தின் மயிரிழைச் சுருளான ஹெயார் ஸ்பிரிங்குக்குப் பரவி வேறொரு கோளாறைக் கொண்டுவரும். மினுக்கினால் போகும் தங்கம் திரும்பி வராது.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுவதும் உப்புக் காற்றுத்தான். இங்கே ஓடாமல் கிடக்கும் மணிக்கூட்டில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது சாவி கொடுக்கும் குமிழின் கம்பி துருப்பிடித்திருக்கும். இரண்டும் திருத்தக்கூடியவை. அதனால் மெசின் ஓடவில்லை என்பதற்காக ஒன்றை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கேஸ், அதாவது வெளிக்கூடு, தேய்ந்திருந்தால் மட்டும் நன்றாக யோசியுங்கள்.

வைத்திருக்க வேண்டியவை: 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் காட்டும் தராசு, சின்னத் திசைகாட்டி, காற்று ஊதும் ரப்பர் பந்து, பின்மூடி திறக்கும் கத்தி. மரக்கறிக் கத்தியால் பின்மூடியைத் திறந்தால் கீறல் நிச்சயம். பின்மூடி ஓரத்தில் கத்தி நுழையச் சின்னப் பள்ளம் இருக்கும், அங்கேதான் வைக்க வேண்டும். பள்ளம் இல்லாமல் சுற்றிவர வெட்டுக்கள் இருந்தால் அது திருகு மூடி. அதை ஒட்டும் ரப்பர் பந்தால் (காற்று ஊதும் பந்து இல்லை) அழுத்தித் திருப்பலாம். இரண்டு தடவை முயன்றும் அசையாவிட்டால் கடைக்குக் கொண்டு போங்கள்.

## தங்கம் என்கிறார்கள், மூலையில் நிறம் வேறு

முதலில் பின்மூடியின் உட்பக்கம். 18 கரட் சுவிஸ் கேசில் 0.750 அல்லது 18 கே என்ற எண்ணும், ஹெல்வெத்தியா என்னும் பெண் தலை முத்திரையும் இருக்கும். 14 கரட்டுக்கு 0.585 என்ற எண்ணும் அணில் முத்திரையும். 1995இலிருந்து இவற்றுக்குப் பதில் நாய்த் தலை முத்திரை வந்தது. ஆகவே 1950களின் மணிக்கூட்டில் நாய்த் தலை இருந்தால் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். பிரித்தானியக் கேசில் 375 என்றிருந்தால் 9 கரட்.

20 மைக்ரோன், 10 மைக்ரோன், பிளாக்கே, ரோல்ட் கோல்ட், கோல்ட் ஃபில்ட், ஜப்பான் மணிக்கூட்டில் எஸ்.ஜி.பி: இவற்றில் ஒன்று இருந்தாலே முழுத் தங்கம் இல்லை. 20 மைக்ரோன் என்பது 0.02 மில்லிமீற்றர். பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று அடித்திருந்தால் மற்றப் பகுதி அநேகமாக முலாம்தான்.

பிறகு மூலைகள். பட்டி மாட்டும் காதுகளின் நுனி, குமிழுக்கு இரு பக்கமும், பின்மூடி விளிம்பு. முலாம் முதலில் தேய்வது இங்கேதான். மஞ்சளுக்குக் கீழே வெள்ளையாகவோ செம்மஞ்சளாகவோ தெரிந்தால் கதை முடிந்தது. முழுத் தங்கம் எவ்வளவு தேய்ந்தாலும் ஒரே நிறம்தான்.

முத்திரை பின்மூடியில் மட்டும் இருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். தங்கப் பின்மூடியை முலாம் உடலில் பொருத்துவது பழைய தந்திரம்.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. மெசின், கண்ணாடி, பட்டிக் கம்பி எல்லாம் கழற்றிய வெறும் கேசுக்கு மட்டும்தான் இது. கேசை நிறுங்கள். 12.00 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தண்ணீர்க் கிளாசைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கேசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் தாழ்த்துங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் 12ஐப் பிரியுங்கள். 0.78 காட்டினால் 15.4, அது 18 கரட்டின் அடர்த்தி. 14 கரட்டாக இருந்தால் ஏறக்குறைய 0.9 காட்டும், 9 கரட்டுக்கு 1.07 அளவில். 1.4 காட்டினால் உள்ளே பித்தளை. ஊசி கீறல் எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. இதைச் செய்யாமல் காசு கொடுக்கிறவர்களைப் பார்த்தால்தான் ஆச்சரியம்.

நான்காவது, நகைக்கடை. உரைகல்லில் உரைத்தால் காதின் உட்பக்கத்தில் உரைக்கச் சொல்லுங்கள், வெளியில் தெரியாது. எக்ஸ்ரே மெசின் மேற்பரப்பில் சில மைக்ரோன் ஆழத்தைத்தான் படிக்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும். அதனால் தண்ணீர்ச் சோதனையோடு சேர்த்தே அதை நம்புங்கள்.

விலை பேசும்போது ஒரு கணக்கு. மெசினோடு நிறுத்து 24 கிராம், 'மூன்று பவுண்' என்பார்கள். மெசினையும் கண்ணாடியையும் கழித்துக் கேஸ் 12 கிராம் என்றால், 18 கரட்டில் சுத்தத் தங்கம் 9 கிராம். 8 கிராம் பவுண் 22 கரட்டில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். ஆக அந்தக் கேசின் தங்கப் பெறுமதி ஏறத்தாழ ஒன்றேகால் பவுண்தான். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் மெசினுக்கும் டயலுக்கும். அவை நன்றாக இருந்தால் கொடுக்கலாம்.

## குமிழைத் திருப்பினால் இறுகவே மாட்டேன் என்கிறது

டயலில் 'ஆட்டோமெட்டிக்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இறுகாமல் வழுகுவது அதன் இயல்பு, கோளாறு இல்லை.

கைச்சாவி மணிக்கூடு என்றால் 20 முதல் 30 சுற்றுக்குள் இறுக வேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்க மட்டும் மெதுவாகத் திருப்பிக் காதருகே வையுங்கள்.

டிக் டிக் என்று பல் விழுகிறது, ஆனால் இறுகவில்லை. சாவி கொடுக்கச் சுருளும் மெயின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது அதன் கொக்கி கழன்றிருக்கிறது. பழைய நீல உருக்கு ஸ்பிரிங்குகள் திடீரென்று உடையும். மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் அகலம், தடிப்பு, நீளம், ஸ்பிரிங் இருக்கும் டப்பியின் விட்டம் என்று நான்கு அளவும் பொருந்த வேண்டும். கடைக்காரர் 'இதுக்குக் கிட்டத்தட்டச் சரி' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தடித்த ஸ்பிரிங் போட்டால் முன்னும் பின்னும் ஆடும் பெலன்ஸ் சக்கரம் அளவுக்கு மீறி ஆடி மணிக்கூடு ஓட்டம் பிடிக்கும்.

கையை விட்டதும் குமிழ் பின்னால் சுழல்கிறது. திருப்பிய ஸ்பிரிங்கைப் பிடிக்கும் கிளிக் அல்லது அதன் சின்னக் கம்பி உடைந்திருக்கிறது. சின்னப் பாகம்தான், ஆனால் பழைய மெசினுக்குத் தேட வேண்டிவரும்.

சத்தமே இல்லை, குமிழ் மட்டும் சுற்றுகிறது. குமிழை வெளியே இழுத்து முள்ளைத் திருப்பிப் பாருங்கள். முள் நகராவிட்டால் குமிழ் கம்பியில் மரை கழன்று சும்மா சுற்றுகிறது. நகர்ந்தால் உள்ளே சாவிப் பல்லு தேய்ந்திருக்கிறது.

குமிழ் கையோடு வந்துவிட்டது. கம்பியைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கும். அதை இறுக்கினால் போதும், அதிகம் தேவையில்லை. ஆனால் கம்பியைப் பாருங்கள். செம்மண் நிறத் தூள் ஒட்டியிருந்தால் உள்ளே துரு இருக்கிறது. கம்பியை மாற்றி, குமிழுக்கு அருகிலுள்ள பாகங்களை எல்லாம் கழற்றிக் கழுவ வேண்டும். இங்கே இதுதான் அடிக்கடி வரும் கோளாறு.

மெசினைத் தொடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. எதையும் கழற்றுமுன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை விடுவியுங்கள். குமிழைப் பிடித்துக்கொண்டு கிளிக்கைக் கொஞ்சம் நகர்த்தி மெதுவாக நழுவவிட வேண்டும். சட்டென்று விட்டால் பல் உடையும். அடுத்தது, சாவிச் சக்கரத்தின் திருகு பல மெசின்களில் எதிர் மரை. வழமையான பக்கம் திருப்பினால் தலை முறிந்துவிடும்.

## இறுகி நிற்கிறது, ஆனால் ஓடவில்லை

'கூடச் சாவி கொடுத்துட்டாங்க' என்று சொல்லி விற்பார்கள். கூடச் சாவி கொடுத்து மணிக்கூடு நிற்காது. ஸ்பிரிங் முழுக்கச் சுருண்டிருக்கிறது, விசை போகும் வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பின்மூடியைத் திறந்து ரப்பர் பந்தால் பெலன்ஸ் சக்கரத்தில் மெதுவாக ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் துருவாகும்.

சக்கரம் சில தடவை ஆடி ஓடத் தொடங்கி நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. முழுச் சேர்விஸ் செய்தால் ஓடும்.

சக்கரம் ஆடுகிறது, ஆனால் தள்ளாடுகிறது, அல்லது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்றால் பெலன்ஸ் அச்சின் ஊசிமுனை உடைந்திருக்கிறது. இதுதான் செலவுக்கார வேலை. அச்சு மாற்ற, சக்கரத்தைச் சமப்படுத்த, இரண்டுக்கும் ஆள் வேண்டும். பெலன்ஸின் நடுக்கல்லுக்கு மேலே யாழ் வடிவத்தில் மெல்லிய ஸ்பிரிங் இருந்தால் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு உண்டு, முனை உடைந்திருக்க வாய்ப்புக் குறைவு. 1950களுக்கு முந்தைய மெசின்கள் பலவற்றில் அது கிடையாது.

சக்கரம் அசையவே இல்லை என்றால் துரு, அல்லது உள்ளே விழுந்த திருகு. மேலே எதையும் செய்யாமல் கடைக்கு.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்த வீடுகளில் கிடந்த மணிக்கூடுகள் தனி வகை. உப்புத் தண்ணீர் நுழைந்து உலர்ந்தால் சக்கர அச்சுகளில் குழிக்குழியாகத் துரு தின்றிருக்கும். ஒரு தடவை கழுவி ஓடினாலும் ஆறு மாதத்தில் நிற்கும். அப்படி ஒன்றைக் கேசின் தங்கப் பெறுமதிக்கு மேல் வாங்க வேண்டாம். குடும்பப் பொருள் என்றால் அது வேறு.

## ஓடுகிறது, ஆனால் ஒரே நேரத்தில் நிற்கிறது

முட்கள் ஒன்றின் மேல் ஒன்று வரும் நேரங்களில் நின்றால், உதாரணமாக 12 மணி, 1.05, 2.11 அளவில், மணி முள்ளும் நிமிட முள்ளும் உரசுகின்றன. பக்கவாட்டில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரியும். இரண்டுக்கும் இடையில் கடுதாசி நுழையும் அளவாவது இடைவெளி வேண்டும். அண்மையில் கண்ணாடி மாற்றியிருந்தால் கண்ணாடி தாழ்ந்துவிட்டதா பாருங்கள். வளைந்த கண்ணாடிக்குப் பதில் தட்டைக் கண்ணாடி போட்டால் செக்கன் முள் அதில் இடிக்கும்.

திகதி உள்ள மணிக்கூடு நடு இரவில் நின்றால் திகதிப் பல். இரவு 9 முதல் அதிகாலை 3 வரை திகதியைக் குமிழால் மாற்றக் கூடாது. அந்தப் பல்லை உடைப்பது இந்த வேலைதான்.

## செக்கன் முள் ஓடுகிறது, மற்ற முட்கள் பின்தங்குகின்றன

முள்ளை நகர்த்தும்போது பஞ்சு போல லேசாகத் திரும்பினால் நிமிட முள்ளைப் பிடிக்கும் நடுக் குழாய்ப் பல்லு தளர்ந்திருக்கிறது. கடைக்காரருக்கு ஐந்து நிமிட வேலை. நீங்களே குறடால் நசுக்காதீர்கள்.

## வேகமாக ஓடுகிறது

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நிமிடம். சரிக்கட்டும் நெம்பை நகர்த்தினால் போதும். பெலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாலத்தில் எஃப் – எஸ், அல்லது ஏ – ஆர் என்ற எழுத்துகள் இருக்கும். எஃப்பும் ஏயும் வேகம். மயிரிழை நகர்த்தி ஒரு நாள் பார்க்க வேண்டும்.

ஒரு மணித்தியாலத்துக்கே பல நிமிடம். திசைகாட்டியை அருகில் பிடியுங்கள். ஊசி துடித்தாலோ, மணிக்கூட்டைச் சுற்றும்போது கூடவே சுழன்றாலோ காந்தம் ஏறியிருக்கிறது. ஸ்பீக்கர், தொலைபேசியின் காந்த மூடி, மோட்டார் எல்லாம் காரணம். காந்தம் நீக்கும் சின்னப் பெட்டியில் மணிக்கூட்டை வைத்துப் பொத்தானை அழுத்தியபடி மெதுவாக ஒரு முழம் விலக்கி, பிறகே பொத்தானை விடுங்கள். பொத்தானை முதலில் விட்டால் காந்தம் கூடிவிடும்.

காந்தம் இல்லை, இருந்தும் வேகம் என்றால் ஹெயார் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. காரணம் எண்ணெய். யாரோ பின்மூடி திறந்து துளி விட்டிருப்பார்கள். கழுவினால் சரியாகும். ஆனால் ஊசியால் சுற்றுகளைப் பிரிக்கப் பார்த்தால் வளைந்துவிடும். ஹெயார் ஸ்பிரிங் வளைந்த மணிக்கூட்டைத் திருத்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இங்கே கைவைக்காமல் இருப்பதே நல்லது.

## பின்தங்குகிறது, இரவில் மேசையில் வைத்தால் நின்றுவிடுகிறது

ஏறக்குறைய எப்போதும் எண்ணெயும் அழுக்கும். தொலைபேசியில் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் செயலி இருந்தால் அமைதியான அறையில் ஓடவிட்டுப் பாருங்கள். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே இருக்கும்படி வைத்தால் பெலன்ஸின் ஆட்ட அளவு 270 முதல் 300 பாகைக்கு அருகில் இருப்பது ஆரோக்கியம். 220க்குக் கீழே என்றால் சேர்விஸ் காலம் தாண்டிவிட்டது. டயல் மேலே வைத்தால் நன்றாக ஓடி, நிமிர்த்தி வைத்தால் தளர்ந்தால் ஊசிமுனை தேய்ந்திருக்கலாம். செயலியின் அலைகள் தொலைபேசியின் மைக்கைப் பொறுத்தவை, அவற்றை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்விஸுக்குக் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "முழுக்கக் கழற்றிக் கழுவுவீங்களா பாஸ், இல்ல எண்ணெய் மட்டும் விடுவீங்களா?" பெற்றோலில் மெசினை முக்கி எடுத்து எண்ணெய் விடுவது சேர்விஸ் இல்லை. கழற்றி ஒவ்வொரு பாகமாகக் கழுவி, வேகமாகச் சுழலும் சக்கரங்களின் கல்லுக்கு ஒரு மெல்லிய எண்ணெய், மெதுவான பெரிய சக்கரங்களுக்குத் தடித்த எண்ணெய், மெயின் ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் என்று வேறுவேறாக விட வேண்டும். மோபியஸ் 9010, 9415, 8200 என்ற மணிக்கூட்டு எண்ணெய், கிரீஸ் பெயர்களைச் சொன்னால் தெரிந்தவர் முகம் மாறும். ஸ்பிரிட், அல்கஹோலில் மெசினைப் போடக்கூடாது. சக்கரத்தை நிறுத்தி விடும் பல்லெட் என்ற நெம்பின் கற்களைப் பிடிக்கும் அரக்கு அதில் கரையும்.

## கண்ணாடிக்குள் பனி படிகிறது

கார்த்திகை, மார்கழி மழை வந்ததும் வரும் குறை. பழைய தங்க மணிக்கூடுகள் பலவற்றில் ரப்பர் வளையமே கிடையாது. இருந்தாலும் இத்தனை வருடத்தில் கட்டியாகி உடைந்திருக்கும்.

பின்மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டின்னில் 24 முதல் 48 மணித்தியாலம் வையுங்கள். அரிசி மூட்டைக்குள் போடாதீர்கள், மாத்தூசி மெசினுக்குள் போகும். வெயிலிலும் வேண்டாம், ஹெயார் ட்ரையரும் வேண்டாம், டயலின் அரக்குப் பூச்சு வெடிக்கும். பிறகு கண்ணாடி, குமிழ், பின்மூடி மூன்றில் எது தளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். குமிழ்தான் வழமையான குற்றவாளி.

வாவித் தண்ணீர் அல்லது கடல் தண்ணீர் போயிருந்தால் அன்றே கடைக்கு. போகும்போது 'உப்புத் தண்ணீர்' என்று சொல்லுங்கள். அடுத்த நாள் என்றாலே துரு தொடங்கிவிடும்.

## டயலில் புள்ளி, கறை

எதுவும் செய்யாதீர்கள். ஈரப் பஞ்சால் துடைத்தால் எழுத்தும் பெயரும் கழன்று வரும். புள்ளி விழுந்த அசல் டயல், புதிதாகப் பூசிய டயலை விடப் பெறுமதியானது.

பூசிய டயலைக் கண்டுபிடிப்பது எளிது. கீழே 'சுவிஸ் மேட்' என்ற எழுத்து விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கும், நிமிடக் கோடுகள் தடிப்பில் ஒத்துப்போகாது, பெயர் எழுத்துகள் கொஞ்சம் பருத்திருக்கும். பளிச்சென்ற பச்சை, நீலம், சிவப்பு டயலோடு ஐம்பது வயது மணிக்கூடு வந்தால் சந்தேகப்படுங்கள். இரவில் ஒளிரும் எண்கள் உள்ள 1960களுக்கு முந்தைய டயலில் ரேடியம் இருக்கலாம். சுரண்டவோ ஊதவோ கூடாது.

## தங்கம் மங்கி, கூர்விளிம்பு உருண்டு போயிருக்கிறது

மெசினை வெளியே எடுத்த பிறகு, வெறும் கேசை வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியிலும் ஊறவைத்து, மெல்லிய பல் தூரிகையால் தேயுங்கள். காதுகளுக்கிடையில் கறுப்பாகவோ பச்சையாகவோ படிந்திருப்பது வியர்வையும் செம்பும் சேர்ந்தது, பல் குத்தும் குச்சியால் வரும். நிறைய மணிக்கூடுகளுக்கு இதற்கு மேல் தேவையே இல்லை.

மினுக்குச் சக்கரம் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் தங்கம் குறைகிறது, விளிம்பு உருளுகிறது, முத்திரை மங்குகிறது. காதின் பக்கத்தில் முத்திரை பாதி அழிந்திருந்தால் அந்தக் கேஸ் பல தடவை மினுக்கப்பட்டது என்று வாசிக்கலாம். நகை மினுக்கும் பத்தர் நல்ல கைக்காரராக இருக்கலாம். ஆனால் காப்பையும் கேசையும் ஒரே சக்கரத்தில் பிடிப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பட்டிக் கம்பி ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். காதின் துளை பெருத்திருந்தால் கம்பி நழுவி மணிக்கூடு விழும். முழுத் தங்கமாக இருந்தால் லேசர் ஒட்டு வேலை தெரிந்தவரைக் கொழும்பில் தேட வேண்டும். சாதாரணப் பற்றவைப்புத் தீயில் நிறமும் வடிவமும் கெடும்.

முலாம் மணிக்கூட்டுக்குப் புதிய முலாம் போட்டால் அடியில் உள்ள குழிகள் மறையாது, அப்படியே மின்னும். 0.5 மைக்ரோன் மெல்லிய முலாம் இந்த வியர்வைக்கு நீண்ட நாள் நிற்காது. போடுவதென்றால் எத்தனை மைக்ரோன் என்று எழுத்தில் வாங்குங்கள்.

தங்க மணிக்கூட்டைத் தபாலில் அனுப்பாமல் கையோடு கொண்டு போங்கள். கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் கேசின் நிறை கிராமில், முத்திரை எண், பெலன்ஸுக்குக் கீழே அடித்திருக்கும் மெசின் இலக்கம், குமிழில் சின்னம் இருக்கிறதா இல்லையா என்பதை எழுதச் சொல்லுங்கள். பின்மூடி திறந்த நிலையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்பே சொல்லிவையுங்கள்.